வர வேண்டாம் என்று சொல்லப் போனவர்

மழை பிடித்துக்கொண்டால் மெத்தைக்கடையில் எதுவும் காயாது. பசை காயாது, சட்டத்துக்கு அடித்த வார்னிஷ் காயாது, ஸ்பாஞ்சை எங்கே அடுக்கினாலும் அடியில் ஈரம் ஏறிவிடும். பல் டாக்டர் ஒருவரின் வெளியறைக்குப் போக வேண்டிய நீளமான சோபா, துணி உரிக்கப்பட்டு எலும்புக்கூடாகக் கடையின் பாதி இடத்தை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு காலை ஊன்றி, அகல நாடாவை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள் மெத்தைக்காரி. அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

தங்கை குடையை மடக்காமலேயே உள்ளே வந்தாள்.

"கடைசியா கேக்கறேன்க்கா. எத்தனை பேரு?"

"கடைசியா கடைசியான்னு எத்தனை தடவை கேப்ப? ஏழு பேரு. மிஞ்சிப் போனா எட்டு. குடைய வெளிய வை, ஸ்பாஞ்ச் நனையுது."

"எட்டுப் பேரு வந்தா அதுக்குப் பேரு கல்யாணமா? வீடு வாடகைக்குப் பாக்க வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். வாடகை கேட்டா சொல்லி அனுப்பு."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா நாற்பதைத் தாண்டி ஒருவழியாகக் கல்யாணத்துக்குச் சம்மதித்திருக்கிறாள். அதை ஊரறிய, ஒரு மண்டபம் பிடித்து நடத்தவேண்டும் என்பது அவள் ஆசை. மெத்தைக்காரிக்கு மண்டபத்தின் மேல் பகை ஒன்றும் கிடையாது. காரணம் கடையின் மூலையில் உட்கார்ந்திருந்தது.

அம்மா அங்கே முக்காலியில் உட்கார்ந்து, பழைய நாற்காலி இருக்கை ஒன்றிலிருந்து இடுக்கியால் பின்களைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாப் பின்னும் பிடுங்கி முடிந்ததும் மெத்தைக்காரி வேறொரு இருக்கையைக் கொண்டுவந்து வைப்பாள். அம்மாவுக்கு மறதி வந்து சில வருஷம் ஆகிவிட்டது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு வீட்டு வழியை, பிறகு பிள்ளைகளை. மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம். கூட்டத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. நாலைந்து பேர் ஒரே அறையில் சேர்ந்து சத்தமாகப் பேசினால் அம்மாவுக்குக் கண் மிரளும், மூச்சு வாங்கும். தங்கை புதுவீட்டுக்குப் போன அன்று வந்திருந்த சனத்தைப் பார்த்து மேசைக்கடியில் புகுந்து, மேசைக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். வெளியே இழுக்கப் போன தங்கையின் மாமியாருக்குக் கையில் நல்ல கடி. அந்தக் கடியை மாமியார் இன்றுவரை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுகிறாள் என்பது தங்கையின் தனிச் சோகம்.

அதனால் மெத்தைக்காரி முடிவு செய்துவிட்டாள். கடைக்கு மேலேயே வீடு. முன்னறையில் அம்மா எப்போதும் உட்காரும் நாற்காலியை எடுக்காமல், சுற்றி ஏழெட்டு நாற்காலி போடலாம். பதிவு அதிகாரி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்க ஒத்துக்கொண்டார். அதன் பிறகு சாப்பாடு. அம்மா பக்கத்தில் இருப்பாள். போதும்.

போதாமல் செய்தவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை டவுன் பஸ் டிரைவர். டிப்போவிலிருந்து கிழிந்த சீட்டுகள் தைக்க வரும்போது ஒருநாள் கூடவே வந்து, "என் சீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியா வைங்க, முதுகு போயிடுச்சு" என்று கேட்டவர். கெட்டியாக வைத்துக் கொடுத்தாள். நன்றி சொல்ல வந்தார். நன்றி சொல்வது ஒரு வருஷத்துக்கும் மேல் நடந்தது. வாயால் ஒருவரையும் நோகடிக்கத் தெரியாதவர். ஓடிவரும் கடைசி ஆளுக்காகவும் பஸ்ஸை நிறுத்தி, டிப்போவில் தினமும் திட்டு வாங்குபவர். அந்தக் குணத்துக்காகத்தான் மெத்தைக்காரி அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். இப்போது அதே குணம் அவள் கழுத்தைப் பிடித்தது.

தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்து வருவார். காக்கிச் சட்டை நனைந்திருக்கும். அம்மாவுக்கு ஒரு பன் கொண்டுவருவார். டீ வரும்வரை பேசமாட்டார். அவர் டீயை ஊதி ஊதிக் குடிக்கிற விதத்திலேயே அன்று யாரையோ அழைத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"யாரு?"

"ஸ்கூல் வாட்ச்மேன்தான். வழியில பாத்தேன். 'கேள்விப்பட்டேன்டா, எனக்குச் சொல்லலியே'ன்னாரு. என்ன பண்ணச் சொல்ற?"

"நேத்து டெய்லர் அக்கா. முந்தாநாள் செருப்புக் கடைக்காரர், அவர் சம்சாரம், அவர் சம்சாரத்தோட அண்ணன்..."

"அண்ணனைக் கூப்பிடல. அவரு கடைல நின்னுட்டு இருந்தாரு. அவரை விட்டுட்டுப் பேசினா நல்லா இருக்குமா?"

"இங்க இருக்கிறது ஒரு ரூம்ங்க. பஸ் இல்ல. படியில தொங்கிட்டு வரலாம்னு நினைச்சிட்டாங்களா?"

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார். அவருக்கும் நியாயம் இருந்தது. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரும் போய்விட, டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் தெருதான் அவரை வளர்த்தது. பேக்கரியில் மாவு மூட்டை மேல் படுத்துத் தூங்கினார். டெய்லர் அக்கா யாருடைய சட்டையையோ பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து உள்ளே விட்டதால்தான் பள்ளிக்கூடம் போனார். சொந்தம் ஒருவரும் இல்லாத மனுஷனுக்குத் தெரு முழுக்கச் சொந்தம். அவளுக்கோ தங்கையைத் தவிர இருப்பது ஒரே ஒரு அம்மா, அந்த அம்மாவுக்கும் அவள் யாரென்று தெரியாது.

"உங்களுக்கு எல்லாரும் வேணும். எனக்கு எங்கம்மா வேணும். ரெண்டும் ஒரு ரூம்ல நடக்காது" என்றாள்.

"யோசிப்போம்" என்றார் டிரைவர். அவர் யோசிப்போம் என்று சொன்னால் நாளைக்கு இன்னும் இரண்டு பேர் என்று அர்த்தம்.

அடுத்த முறை வந்தபோது தங்கை ஒரு வழியோடு வந்தாள். மேலே சமையலறையில் மெத்தைக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்றத முழுசா கேட்டுட்டு அப்புறம் கத்து. எங்க வீட்டுப் பக்கம் ஒரு நர்ஸ் இருக்கா. நல்ல பொண்ணு. அன்னைக்கு ஒருநாள் மட்டும் அம்மாவ அவகிட்ட விட்டுடலாம். நிம்மதியா ஒரு ஹால்ல வச்சு முடிச்சுட்டு சாயங்காலம் கூட்டிட்டு வந்துடலாம்."

மெத்தைக்காரி நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவங்களுக்குத் தெரியவா போகுதுக்கா? கல்யாணம்னே தெரியாது. உன்னையே தெரியாது. யாருக்காக இந்தப் பாடு படற?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் மெத்தைக்காரி. "அவங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்ல."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க."

"அந்த ஒண்ணுதான் இருக்கு."

தங்கை கோபத்தில் கிளம்பிப் போனாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போகிற வழியில் பஸ்ஸிலேயே டிரைவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் அவர் வந்தார். டீயை ஊதி ஊதிக் குடித்தார். கடையில் பல் டாக்டரின் சோபாவுக்கு ரெக்சின் போர்த்தியாகிவிட்டது. மெத்தைக்காரி குனிந்து ஓரத்தை மடித்துப் பின் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி சொல்றதுலயும் ஒரு..." என்று ஆரம்பித்தார்.

பின் அடிக்கும் மெஷினை அவள் கீழே வைத்தாள். அதன் சத்தம் நின்றதும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஒரு என்ன?"

"இல்ல, ஒருநாள்தானேன்னு..."

"கல்யாணமும் ஒருநாள்தான். அதை நான் நிறுத்திட்டா?"

அவர் முகம் செத்துப்போனது.

"கேளுங்க. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிடறேன். கூப்பிட்ட வாயாலயே போய், வர வேணாம்னு சொல்லிட்டு வாங்க. எல்லார்கிட்டயும். அது முடிஞ்சாத்தான் கல்யாணம். முடியலேன்னா இந்தச் சோபாவோட நம்ம கணக்கும் முடிஞ்சுது."

மறுநாள் லீவு போட்டு டிரைவர் கிளம்பினார். கல்யாணத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வராதீர்கள் என்று சொல்ல, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போன ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மத்தியானம் திரும்பி வந்தார். கையில் பெரிய பொட்டலம்.

"என்ன அது?"

"டெய்லர் அக்கா அம்மாவுக்கு ஒரு சால்வை தச்சுக் குடுத்தாங்க."

"வர வேணாம்னு சொன்னீங்களா?"

"சொல்லத்தான் போனேன். அவங்க சால்வைய எடுத்து நீட்டிட்டாங்க. வாங்கிட்டு எப்படிச் சொல்றது?"

"வாட்ச்மேன்?"

"அவரு முந்தின நாளே வந்து சேர் எல்லாம் தூக்கிப் போட்டுக் குடுக்கறேன்னாரு."

"செருப்புக் கடை அண்ணன்?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "அவரு கேட்டாரு, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரலாமான்னு."

மெத்தைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்பாஞ்சுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். ஆள் குறைக்கப் போனவர் ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அழுகை வரும் போலிருந்தது. வந்தது கோபம்தான். கைத்துணியை உதறிச் சோபாவில் எறிந்துவிட்டு, பக்கத்துக் கடைப் பெண்ணை அம்மாவுக்குத் துணையாக உட்காரச் சொல்லி எழுந்தாள்.

"நடங்க. நான் சொல்றேன். முதல்ல எங்க?"

"வேணாம்மா..."

"முதல்ல எங்க?"

"பேக்கரி" என்றார் ஈனக் குரலில்.

பேக்கரியில் அடுப்பின் சூடு வாசல்வரை வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பேக்கரிம்மா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். கை மணிக்கட்டு வரைக்கும் மாவு. டிரைவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற மெத்தைக்காரியைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தது.

"வாம்மா! கேக்கு விஷயமா? நான் தீர்மானம் பண்ணிட்டேன். மூணு அடுக்கு. யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

டிரைவர் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிஸ்கட்டுகளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். மெத்தைக்காரி பேசினாள். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த சொற்கள் வாசலிலேயே தொலைந்துவிட, உள்ளதைச் சொன்னாள். அம்மாவின் நிலைமை, கூட்டம், மேசைக்கடியில் புகுந்தது, கடித்தது. யாரையும் கூப்பிட முடியாத சங்கடம். மன்னிக்க வேண்டும்.

பேக்கரிம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மாவைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

"ஏன்டா, நீ சொல்லமாட்டியா? இவளை விட்டுச் சொல்லச் சொல்றியா?"

"இல்ல பேக்கரிம்மா, நான்..."

"நீ பேசாத." மெத்தைக்காரியிடம் திரும்பினாள். "உங்கம்மாவுக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"இவனுக்கு என்னைத் தெரியும். ஜுரத்துல கிடந்தப்ப இவன் கூப்பிட்டது என்னைத்தான். பெத்தவ பேரு அவனுக்கு ஞாபகத்துல இல்ல. உன்னைத் தெரியாத தாய் கல்யாணத்துல உக்காருவா, என்னைத் தெரிஞ்ச பிள்ளை கல்யாணத்துக்கு நான் வரக்கூடாது. அப்படித்தானே?"

தங்கையிடம் சொன்ன அந்த ஒரு பதில் இங்கே செல்லாது என்று மெத்தைக்காரிக்குத் தெரிந்தது.

"போங்க. கடையில ஆள் நிக்குது" என்றாள் பேக்கரிம்மா. யாரும் நிற்கவில்லை.

வெளியே தூறல். டிப்போ சுவரை ஒட்டி இருவரும் நடந்தார்கள். டிரைவர் அழுதுகொண்டிருந்தார். மழையால் அது தெரியாது என்று நினைத்திருப்பார் போல.

"இப்ப திருப்தியா?" என்றார். அவளிடம் அவர் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுங்க. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூம்."

"எனக்கும் ஒரே ஒரு கல்யாணம்தான்."

"அப்ப அவங்களையே கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான், எந்தப் பஸ் வந்தாலும் அதை ஓட்டுபவர் அவருக்குத் தெரிந்தவராகவே இருப்பார், முகத்தைப் பார்த்துக் குசலம் விசாரிப்பார் என்று தோன்றியது. நனைந்துகொண்டே நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அதன் பிறகு டிரைவர் வரவில்லை. பல் டாக்டரின் சோபாவை முடித்து நாள் கணக்காகியும் எடுத்துப் போக ஆள் வரவில்லை. அதன் புது ரெக்சின் வாசனை கடை முழுக்க அடித்தது. தங்கை போனில், "அப்ப கல்யாணம் உண்டா இல்லையா? நான் லீவு சொல்லணும்" என்றாள். "தெரிஞ்சா சொல்றேன்" என்றாள் மெத்தைக்காரி. அம்மா பின் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். மழைக்கு நாற்காலி வரத்து குறைந்துவிட, பிடுங்கிய இருக்கைகளிலேயே மெத்தைக்காரி திரும்பவும் பின்னை அடித்துக் கொடுத்தாள்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் பேக்கரிம்மா கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு ஸ்டூல். அதன் இருக்கை பிய்ந்து பஞ்சு தொங்கியது.

"இதைத் தைக்க முடியுமா?"

"தைக்கலாம். உக்காருங்க."

"உக்கார வரல. அவன் சரியா சாப்பிடறதில்ல. அதைச் சொல்ல வந்தேன். ஸ்டூலும் பிஞ்சிருந்துது." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மூலையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிர்ந்து, "ஸ்பிரிங் போடணுமா, வெறும் பஞ்சா?" என்று கேட்டாள். மகளுக்கு முன்னால் இந்தக் கடையை நடத்திய பழைய கடைக்காரியின் குரல்.

பேக்கரிம்மா மெத்தைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த அம்மாவுக்கா கூட்டம் ஆகாது என்கிறாய் என்ற பார்வை. "பஞ்சே போதும்" என்றாள் அம்மாவிடம். இருவரும் பஞ்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மெத்தைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ஒரு வார்த்தை கோர்வையாகப் பேசாத அம்மா, இன்றைக்கென்று பார்த்து இப்படிப் பேசித் தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறாளே என்று.

அந்த நேரம் பார்த்துத்தான் பல் டாக்டரின் ஆட்கள் சோபாவுக்கு வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நாலு பேர் ஒரே சமயத்தில் நுழைந்தார்கள். ஒருவன் "இந்தப் பக்கம் தூக்கு" என்றான், ஒருவன் "சாய்க்காதே" என்று கத்தினான், சட்டம் கதவில் இடித்தது. மெத்தைக்காரி கையை நீட்டி, "இருங்க இருங்க, ஒவ்வொருத்தரா" என்று சொல்லி முடிப்பதற்குள் தகர டப்பா கவிழ்ந்து பின்கள் சிதறின. அம்மா ஸ்பாஞ்சுக் கட்டுகளுக்கு நடுவே புகுந்துவிட்டாள். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அடிபடும் பிள்ளை போடுகிற சத்தம்.

பேக்கரிம்மாதான் முதலில் எழுந்தாள். ஆட்களை, சோபாவோடு அப்படியே, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு மெத்தைக்காரியோடு தரையில் உட்கார்ந்து, ஸ்பாஞ்சுக்கு நடுவே கையை விட்டாள். அம்மா அந்தக் கையைப் பிறாண்டினாள். ரத்தம் வந்தது. பேக்கரிம்மா கையை எடுக்கவில்லை. சத்தம் முனகலாகி, முனகல் அடங்கி, அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வெகுநேரம் பிடித்தது.

"எப்பவும் இப்படியா?"

"கூட்டம்னா இப்படித்தான்."

பேக்கரிம்மா சேலை நுனியால் கையைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் சிதறிய பின்களைப் பொறுக்கினாள். பிறகு எரிச்சலான குரலில், யாரையோ திட்டுவதுபோல் சொன்னாள்:

"என் கடை எத்தனை அகலம்னு பாத்தல்ல? பள்ளிக்கூடம் விட்டா அத்தனை பிள்ளைங்களும் வந்து விழும். நான் என்ன பண்றேன்? ரெண்டு ரெண்டு பேரா உள்ள விடறேன். வாங்கினவன் வெளிய போனாத்தான் அடுத்தவன் உள்ள. யாருக்காவது கல்யாணம் பண்ணத் தெரியுதா இந்த வீட்ல?"

மெத்தைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்காகச் சொல்லல" என்றாள் பேக்கரிம்மா. "அவன் சாப்பிடறதில்ல."

கல்யாணம் அப்படித்தான் நடந்தது. காலையில் பதிவு அதிகாரி வந்தார். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்று முதலில் குறைபட்டார், பேனா எழுதவில்லை என்று அடுத்துக் குறைபட்டார். கையெழுத்தானது. சாட்சிக்குத் தங்கையும் பேக்கரிம்மாவும். பிறகு தங்கை படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டாள். தெருவிலிருந்து படிவரைக்கும் குடைகள் வரிசை கட்டின. தங்கைக்கு அன்றுதான் பிறந்ததற்கு ஒரு வேலை கிடைத்தது. "ரெண்டு பேரு மட்டும். சத்தமா சிரிக்காதீங்க. மேல போனா அஞ்சு நிமிஷம். அண்ணா, பிள்ளைங்களை இறக்கி விடுங்க, அவங்களும் ஆள்தான்!"

மேலே மெத்தைக்காரிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொரு ஜோடியும் ஏறி வந்து அதே கேள்வியைக் கேட்டது, அவள் அதே பதிலைச் சொன்னாள். அதே மாதிரி சிரித்தாள். அதே மாதிரி கேக்கை வெட்டிக் கொடுத்தாள். வெட்ட வெட்ட மூன்றடுக்கு கேக் ஒரு பக்கமாகச் சரிந்தது. சுருக்கமாக ஒரு கல்யாணம் வேண்டும் என்று கேட்டவளுக்கு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே கல்யாணம் திரும்பத் திரும்ப நடந்தது. அம்மா தன் நாற்காலியில் டெய்லர் அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், "சோபாவா, நாற்காலியா?" என்று கேட்டாள். செருப்புக் கடைக்காரர் "சோபா" என்று சொல்லிவிட்டார், அளவெல்லாம் கேட்டு அவரை விடவில்லை.

வாட்ச்மேன் வரவில்லை. வரிசையில் நின்று பார்க்க நான் என்ன ரேஷன் வாங்கவா வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். டிரைவர் ஒவ்வொரு முறை படியில் காலடி கேட்கும்போதும் எட்டிப் பார்த்தார். கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைக்காரி அதைக் கவனித்தாள். அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாது.

ஒருவழியாகக் கீழே தங்கையின் அதட்டல் நின்றது. பேக்கரிம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முன்னறையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். மெத்தைக்காரி கேக் கத்தியை வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

அம்மா அவள் புதுப் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். தையலைத் திருப்பியும் பார்த்தாள்.

"நல்ல துணி. யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தாம்மா."

"மாப்பிள்ளை?"

"அதோ நிக்கறாரு."

அம்மா டிரைவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சரிதான் என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு சுற்றிலும் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. மாப்பிள்ளை காதில் விழக்கூடாது என்று குனிந்து மெத்தைக்காரியின் காதருகே சொன்னாள்.

"ஏண்டி, கல்யாணம்னா நாலு பேரைக் கூப்பிடமாட்டீங்களா? ஒரு ஆள்கூட வரலியே."

மெத்தைக்காரி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஏறி இறங்கிய அத்தனை பேரும் தொண்டையில் வந்து நின்றார்கள்.

டிரைவருக்குக் கேட்டுவிட்டது. மாமியார் முகம் வாடியதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஓர் அடி முன்னால் வந்தார்.

"அதுக்கென்ன அத்தை, கூப்பிட்டாப் போச்சு. யாரைக் கூப்பிடலாம், சொல்லுங்க."

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா தெரியும்" என்றாள் மெத்தைக்காரி.